ஆறிய காப்பியும் ஆற்றிய காப்பியும்

நம்மவர் பிழைப்பைத் தேடி எந்த ஊருக்குச் சென்றாலும், மூட்டையில் எதை மறந்தாலும் காப்பி பில்டரை மட்டும் மறப்பதில்லை. 2011ஆம் ஆண்டு முதல் நாகபுரி ரயில் நிலையத்துப் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, தென்னாட்டிலிருந்து வந்து இறங்கும் சாமான்களை நிறுத்துப் பதிந்து வருகின்ற எனக்கு, இது அனுபவத்தில் கண்ட உண்மை. கட்டிலும் பீரோவும் பின்னால் பார்சலில் வரும். பித்தளைப் பில்டரோ வீட்டு அம்மாளின் மடியிலேயே அமர்ந்து, பயணச்சீட்டு வாங்காத இன்னொரு குழந்தையைப்போல வந்து இறங்கும்.

அத்தகைய காப்பியைக் குளிரவைத்துக் குடிப்பது பற்றி நான் எழுத வந்திருக்கிறேன். “காப்பியாவது, குளிர்வதாவது!” என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் நம் சங்கத்தில் பலர் உளர் என்பதை அறிவேன். சில காலத்துக்கு முன்வரை நானும் அந்தக் கட்சியைச் சேர்ந்தவனே. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். ரசீதும் பதிவேடும் எழுதிப் பழகிய கையே அன்றிக் கட்டுரை எழுதிப் பழகிய கை அன்று என்னுடையது. குற்றங்குறை இருப்பின் நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் தந்தையார் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப் பிள்ளைகள் பலரைப் பட்டதாரிகளாக்கிய அவருக்குத் தம் சொந்த மகன் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காமற்போனது ஆறாத வருத்தம். எனக்கு ரயில்வேயில் உத்தியோகம் கிடைத்த செய்தியைச் சொன்னபோதுகூட, “நல்லது” என்ற ஒரு சொல்லோடு செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். எங்களுக்குள் சண்டை என்று எதுவும் நிகழ்ந்ததில்லை. பேச்சும் அவ்வளவாக இருந்ததில்லை.

இருவருக்கும் நடுவில் என் தாயார் இருந்தார். காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அவர் காப்பி கலந்து, டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் முழநீளம் தூக்கி ஆற்றி, நுரை ததும்ப அப்பாவிடம் கொடுப்பார். நான் ஊருக்குச் சென்றிருக்கும் நாள்களில், “உங்கள் பிள்ளைக்கு இரவுப் பணி மாற்றிவிட்டார்களாம்” என்று அவரிடமும், “அப்பாவுக்கு முழங்கால் வலி அதிகமாகிவிட்டதடா” என்று என்னிடமும் அந்தக் காப்பி வேளையிலேயே செய்தி பரிமாறுவார். தந்தையும் மகனுமாகிய நாங்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதெல்லாம் அந்த இரண்டு டம்ளர் காப்பியின் வழியாகத்தான்.

2021ஆம் ஆண்டில் தாயார் காலமானார். மறு ஆண்டு அப்பாவை நாகபுரிக்கு அழைத்து வந்தேன். என் மனைவி குறையேதும் வைக்கவில்லை. அஜ்னியில் உள்ள எங்கள் ரயில்வே குடியிருப்பில் காற்றோட்டமான அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தோம். சென்னையிலிருந்து டில்லி செல்லும் கிராண்ட் டிரங்க் வண்டியில் வரும் நண்பர் எவரேனும் மாதமொருமுறை கும்பகோணத்துக் காப்பித்தூளை நடைமேடையில் என்னிடம் சேர்ப்பித்து விடுவார். அதே ஐந்து மணி, அதே மூன்று மணி. ஆயினும் காப்பியோடு வரும் செய்திகள் நின்றுபோயின. டம்ளரை வைத்துவிட்டு என் மனைவி அடுக்களைக்குத் திரும்புவாள். அவர் குடித்து முடிப்பார். நான் என் அறையில் இருப்பேன்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அப்பாவின் வலக் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு படலம் இருப்பதைப் பல் மருத்துவர் கண்டார். நாற்பது ஆண்டுகளாக வெற்றிலையோடு புகையிலையை அடக்கி வைத்த இடம் அது. படலத்தை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு தெரியப் பத்து நாள்கள் ஆகும் என்றார்கள். அதுவரை மட்டுமன்றி, காயம் நன்கு ஆறும்வரை, ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குச் சூடான பொருளும் காரமான பொருளும் வாயில் படலாகாது என்பது மருத்துவரின் கட்டளை. புகையிலையோ இனி எக்காலத்திலும் கூடாது.

“காப்பி?” என்று அப்பா கேட்டார். மருத்துவமனையில் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

“குளிர்ந்ததாக இருந்தால் குடிக்கலாம்” என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் அப்பா வாய் திறவாதிருந்தார். வலி என்று நினைத்தேன். வாசலில் இறங்கும்போது, “ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்று மட்டும் தமக்குள் சொல்லிக்கொண்டார். காப்பியைப் பற்றிச் சொன்னாரா, தம்மைப் பற்றிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நம் வீடுகளில் ஆறிய காப்பி என்பது ஒரு பானம் அன்று. அது ஓர் அவமதிப்பு. வேண்டாத விருந்தாளிக்கே ஆறிய காப்பி வரும். ஆகையால், மறுநாள் என் மனைவி வழக்கம்போலக் கலந்த காப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்துக் கொடுத்தபோது, அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்ததில் வியப்பில்லை. மிச்சத்தை நான் குடித்துப் பார்த்தேன். மேலே ஏடு படர்ந்து, மணம் முழுதும் போய், கசப்பு மட்டும் தங்கியிருந்தது. அன்று முழுவதும் அவர் வேறெதுவும் உட்கொள்ளவில்லை. அண்டை வீட்டு மராட்டிய அம்மாள், மாங்காயை வேகவைத்துச் செய்யும் ‘பன்ஹே’ என்னும் பானகம் கொண்டுவந்து கொடுத்தார். புளிப்பு காயத்தில் பட்டு எரிந்தது. மூன்றாம் நாள் அவர் படுக்கையைவிட்டு எழவில்லை. வலியைக் காட்டிலும் புகையிலை இல்லாத வேதனை பெரிதாயிருந்தது. அத்தோடு காப்பியும் இல்லை. பரிசோதனை முடிவோ இன்னும் வரவில்லை.

அன்று நான் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் நுழைந்தேன். அதற்கு முன் நான் காப்பி கலந்தறியேன்.

முதற்சோதனையாக, டிகாஷனும் பாலும் கலந்து பனிக்கட்டியைப் போட்டேன். சிறிது நேரத்தில் கட்டிகள் கரைந்து, காப்பி கழுநீராயிற்று. இரண்டாம் முறை, பனிக்கட்டி இல்லாமல் குளிர்ந்த பாலையும் குளிர்ந்த டிகாஷனையும் சேர்த்துச் சர்க்கரையை இட்டுக் கலக்கினேன். குளிரில் சர்க்கரை எளிதாகக் கரையுமா? மேலே கசப்பு, அடியில் மணல். மூன்றாம் முறை, வடநாட்டுச் சிற்றுண்டிச்சாலைகளில் ‘கோல்டு காபி’ என்று தருகிறார்களே, அம்முறைப்படி உடனடிக் காப்பித்தூள், பால், சர்க்கரை, ஐஸ்கிரீம் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்தேன். என் ஒன்பது வயது மகள் ஆனந்தக் கூத்தாடினாள். அப்பாவோ ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, “பாயசம் நன்றாயிருக்கிறது. காப்பி எங்கே?” என்றார். மூன்று நாளில் அவர் பேசிய நீண்ட வாக்கியம் அது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அவர் பேசினாரே என்று மகிழ்ச்சியாகவும் இருந்தது.

அன்றிரவு என் மகள், “தாத்தா, காப்பி வருவதற்கு முன்னால் நம் ஊரில் காலையில் என்ன குடிப்பார்கள்?” என்று கேட்டாள். அவள் இங்கேயே பிறந்தவள். பள்ளியில் இந்தியும் மராத்தியும் பேசுவாள். தாத்தாவின் தமிழைக் கேட்பதற்கென்றே எதையாவது கேட்டுக்கொண்டிருப்பாள். ஆசிரியராயிருந்தவர் வினாவுக்கு விடையளிக்காமல் இருக்க முடியுமா?

“நீராகாரம்” என்றார். “இரவு சோற்றில் நீர் ஊற்றி வைத்து, விடியலில் அந்த நீரை உப்பிட்டுக் குடிப்பார்கள். என் பாட்டனார் காலத்தில் அதுதான். காப்பி வந்தபோது, குடியைக் கெடுக்க வந்த பானம் என்று பெரியவர்கள் ஏசினார்கள்.”

“நீராகாரம் சூடாக இருக்குமா, தாத்தா?”

“குளிர்ந்திருக்கும்.”

“அப்படியானால் தாத்தாவின் தாத்தா காலையில் குளிர்ந்ததைத்தானே குடித்தார்?”

அப்பா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அக்கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நாம் தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று பிடித்துக்கொண்டிருக்கும் சூடான காப்பி, தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகப் புகுந்து நூறாண்டுகளுக்குச் சற்று மேலேயே ஆகின்றது. பாபா புதன் என்னும் பெரியார் ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வழங்கும் கதை. அரபு நாட்டிலிருந்து வந்த பயிர் கன்னட நாட்டு மலையில் வளர்ந்து, காவிரிக் கரையில் நம்முடையதாயிற்று. குளிர்ந்த காப்பி வகையொன்று பிறந்த கதையும் இதைப் போன்றதே. 1957ஆம் ஆண்டு கிரேக்க நாட்டின் தெசலோனிக்கி நகரில் ஒரு பொருட்காட்சி நடந்தது. அங்கே வேலை பார்த்த திமித்ரியோஸ் வக்கோன்தியோஸ் என்பவர், தம் இடைவேளையில் காப்பி குடிக்க விரும்பினார். வெந்நீர் கிடைக்கவில்லை. உடனடிக் காப்பித்தூளைக் குளிர்ந்த நீரோடு குலுக்குவதற்குரிய பாத்திரத்தில் இட்டுக் குலுக்கினார். நுரை பொங்கி வந்தது. அதுவே ‘பிராப்பே’ என்ற பெயரில் அந்நாட்டின் கோடைப் பானமாயிற்று. உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றப் புறப்பட்டவர்க்கு நல்ல பானம் ஒன்று கிட்டியது. எனக்கு மட்டும் கிட்டாதா என்று எண்ணிக்கொண்டு, விடியுமுன் எழுந்தேன்.

இம்முறை ஒவ்வொரு தவற்றுக்கும் காரணம் தேடினேன். குளிர்ந்த பொருளிலிருந்து மணம் குறைவாகவே எழும். இனிப்பும் நாக்குக்குக் குறைவாகவே தெரியும். ஆகையால் டிகாஷன் வழக்கத்தைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். சர்க்கரை சூட்டில்தான் நன்றாகக் கரையும். ஆகையால் டிகாஷன் சூடாயிருக்கும்போதே அதில் சேர்த்துவிட வேண்டும். பால் கலந்த காப்பியைப் பல மணி நேரம் வைத்தால் சுவை கெடும். ஆகையால் பாலையும் டிகாஷனையும் தனித்தனியே குளிரவைத்து, குடிக்கும் நேரத்தில் சேர்க்க வேண்டும். பனிக்கட்டி கரைந்தால் நீர்த்துப்போகும். ஆகையால் கட்டியே காப்பியாயிருக்க வேண்டும். இந்தக் கடைசி யோசனை என் மனைவியுடையது. முதல் டிகாஷன் இறங்கியபின், அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாஷனைக் கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தாள். அக்கட்டி கரையக் கரையக் காப்பியோடு காப்பியே கலந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு டம்ளரையும் டபராவையும் எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குச் சென்றேன். அவர் எதிரில் நின்று, அம்மா செய்ததுபோல, டம்ளரைத் தூக்கி ஆற்றினேன். கை பழகாததால் தரையில் சிறிது சிந்தியது. நுரை எழுந்தது. கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், சற்றே நிறுத்தினார், மறு வாய் குடித்தார். டம்ளர் காலியாயிற்று. “சர்க்கரை அரைக் கரண்டி குறையலாம்” என்றார்.

அந்தக் குறையை அவர் சொன்னதற்காக நான் நாள் முழுவதும் சந்தோஷப்பட்டேன் என்றால் நேயர்கள் சிரிப்பீர்கள்.

பரிசோதனை முடிவு வருவதற்கு முந்தின இரவு, எங்கள் குடியிருப்பில் மின்சாரம் நின்றுபோயிற்று. மே மாதத்து நாகபுரியை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். பகலில் 45 பாகையைத் தொடும் வெயில், இரவிலும் சுவரிலிருந்து அனலாக வீசும். கூலரும் நின்றது, குளிர்சாதனப் பெட்டியும் நின்றது. அப்பா உறங்காமல் உட்கார்ந்திருந்தார். புகையிலை நினைவு வந்துவிட்டது என்பது அவர் விரல்கள் வேட்டி மடிப்பைத் தடவுவதிலிருந்தே தெரிந்தது.

எங்கள் கூடத்தில் மணல் பரப்பி மண்பானை வைத்திருந்தோம். முற்காலத்தில் ரயில் ஓட்டுநர்களும் கார்டுகளும் கித்தான் பையில் நீர் நிரப்பி, காற்றுப்படும்படி வண்டியில் தொங்கவிட்டுச் செல்வார்கள் என்று எங்கள் அலுவலகத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு செல்லும். மண்பானையின் சூட்சுமமும் அதுவே. வெட்டிவேர்த் தட்டி பொருத்திய கூலரின் சூட்சுமமும் அதுவே. காற்று வறண்டிருக்க வறண்டிருக்கக் குளிர்ச்சி மிகும். கடற்கரையை ஒட்டிய சென்னையின் ஈரக் காற்றில் இத்தனை குளிர்ச்சி கிடைப்பதில்லை. நம்மை வாட்டும் நாகபுரியின் வறட்சி செய்யும் ஒரே உபகாரம் இது.

டிகாஷன் கிண்ணத்தையும், காய்ச்சி ஆறிய பால் செம்பையும் பானை நீரில் கழுத்தளவு இறக்கி வைத்தேன். பானையைச் சுற்றி ஈரத்துணியைக் கட்டினேன். ஒரு மணி நேரம் இருவரும் இருளில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு செம்பை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன். பனிக்கட்டியின் குளிர்ச்சி அன்று. ஆற்றங்கரை மணலை விடியலில் தோண்டினால் ஊறும் நீரின் குளிர்ச்சி. காப்பியைக் கலந்து, ஆற்றிக் கொடுத்தேன்.

அப்பா குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

“ஆறு என்பது தன்வினை. ஆற்று என்பது பிறவினை. உனக்குப் பாடத்தில் இருந்ததே, நினைவிருக்கிறதா?”

“இல்லை, அப்பா.”

“யாரும் கவனிக்காமல் தானே ஆறிப்போனால் அது ஆறிய காப்பி. ஒருவருக்காக இன்னொருவர் உட்கார்ந்து குளிரச் செய்தால் அது ஆற்றிய காப்பி. பசி ஆற்றுவது, துயர் ஆற்றுவது எல்லாம் அந்தச் சொல்தான். அன்றைக்கு நான் ‘ஆறின கஞ்சி’ என்று சொன்னது இலக்கணப் பிழை.”

சிறிது நேரம் கழித்து, “நாளைக்கு முடிவு என்னவாக இருந்தாலும் என்னிடம் மறைக்காதே” என்றார். “மறைக்கமாட்டேன், அப்பா” என்றேன். அதன் பின்னும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பெரும்பாலும் அம்மாவைப் பற்றி.

மறுநாள் முடிவு வந்தது. புற்று அன்று. ஆயினும், புகையிலையை விடாமல் அலட்சியமாயிருந்தால் அவ்வாறு மாறக்கூடிய நிலை என்று மருத்துவர் எச்சரித்தார். மூன்று மாதங்களுக்கொருமுறை காட்ட வேண்டும் என்றார். அன்று முதல் அப்பா புகையிலையைத் தொடவில்லை. பகல் மூன்று மணிக்கு அந்த ஆசை தலைதூக்கும்போதெல்லாம் குளிர்ந்த காப்பி அவ்விடத்தில் வந்து அமர்ந்துகொண்டது. வாயில் கரையாத வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று, வெற்றிலை புகையிலைப் பழக்கமுள்ள நம் பெரியவர்களை இவ்விடத்தில் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நிற்க. செய்து பார்க்க விரும்பும் சகோதர சகோதரிகளுக்காக, எங்கள் வீட்டு முறையை அளவோடு எழுதுகின்றேன்.

மூன்று டம்ளருக்கு 40 கிராம் காப்பித்தூள் வேண்டும். பில்டரில் இட்டு, மேலே இலேசாக அழுத்தி, நன்கு கொதித்த நீர் 200 மில்லி ஊற்றவும். தூள் நீரில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். ஏறக்குறைய 120 மில்லி டிகாஷன் இறங்கும். சூடு தணியுமுன் ஆறு சிறு கரண்டி சர்க்கரையை அதில் கரைத்து, மூடிக் குளிரவைக்கவும். மீந்த தூளில் இரண்டாம் டிகாஷன் இறக்கிக் கட்டியாக்கிக்கொள்ளவும். பாலைக் கட்டாயம் காய்ச்சி, ஏட்டை நீக்கி, தனியே குளிரவைக்கவும். இவ்வூர் எருமைப்பால் கெட்டியானது. ஏட்டை நீக்காவிட்டால் நாக்கில் நெய்யாக ஒட்டும். குடிக்கும் வேளையில் டம்ளருக்கு 40 மில்லி டிகாஷனும் 120 மில்லி பாலும் சேர்த்து, டபராவில் ஆற்றி, இரண்டு காப்பிக் கட்டிகளை மிதக்கவிடவும். ஆற்றக் கை பழகாதவர்கள் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குலுக்கினாலும் நுரை வரும்.

சர்க்கரைக்குப் பதிலாகக் கருப்பட்டி விரும்புவோர் அதையும் சூடான டிகாஷனில் கரைத்து, வடிகட்டிக் குளிரவைக்கலாம். கொதிக்கும் பாலில் வெல்லத்தை இட்டால் பால் திரிந்துபோவதுண்டு. குளிர்ந்த பாலில் அந்த அச்சம் குறைவு.

நெருப்பே இல்லாத முறையும் ஒன்று உண்டு. சிக்கரி கலவாத காப்பிக்கொட்டையை ரவையைப்போலக் கரகரப்பாக அரைத்து, 50 கிராம் தூளுக்கு 400 மில்லி குளிர்ந்த நீர் ஊற்றி, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 14 மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்தெடுப்பது. புளிப்பும் கசப்பும் குறைந்து மிருதுவாயிருக்கும். நான் முதலில் அவசரப்பட்டு, நம் வழக்கமான மாவுத்தூளிலேயே இதைச் செய்து, வண்டல் நீரைத்தான் கண்டேன். துணி அடைத்துக்கொண்டது, சிக்கரியின் சுவையே மேலோங்கி நின்றது. தூள் வாங்கும்போது உறையைப் பார்க்க வேண்டும். காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பது இந்திய உணவு விதி. குளிர்ந்த பானத்தில் சிக்கரியின் கசப்பு துருத்திக்கொண்டு தெரியுமாதலால், இதற்குச் சிக்கரி குறைந்த தூளே ஏற்றது.

ஓர் எச்சரிக்கை. குளிர்ந்த காப்பி எளிதாகத் தொண்டையில் இறங்கிவிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும். சூடான காப்பியில் உள்ள உறக்கத்தைக் கெடுக்கும் சத்து இதிலும் குறைவில்லாமல் இருக்கிறது. சர்க்கரையோ சற்று மிகுதி. என் மகளுக்கு ஒரு டம்ளர் பாலில் ஒரு சிறு கரண்டி டிகாஷனுக்கு மேல் கொடுப்பதில்லை. அதுவே அவளுக்குப் பெரிய மனுஷியாகிவிட்ட பெருமை.

ஆறு வாரம் கழிந்து காயம் ஆறியபின், அப்பாவுக்குச் சூடான காப்பி குடிக்க அனுமதி கிடைத்தது. காலை ஐந்து மணிக்கு இப்போது சூடான காப்பிதான். பொறுக்கும் சூட்டில் ஆற்றிக் குடிக்கிறார். பிற்பகல் மூன்று மணிக்கோ, வெயில் காலம் முழுவதும், குளிர்ந்த காப்பியே வேண்டும் என்கிறார்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள், இரவுப் பணி முடிந்து காலை ஒன்பது மணிக்கு வீடு திரும்பினேன். வண்டி தாமதம், பார்சல் நெருக்கடி, மழைக்கு முந்தின புழுக்கம். தலை வெடித்துவிடும்போல் இருந்தது. மனைவி கடைத்தெருவுக்குச் சென்றிருந்தாள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். அடுக்களையில் பாத்திர ஓசை கேட்டது. சற்று நேரத்தில் அப்பா ஒரு கையில் டம்ளரும் மறு கையில் டபராவுமாக வந்து நின்றார். முழங்கால் வலியால் சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு, அவர் ஆற்றினார். எழுபத்து மூன்று வயதில், வாழ்நாளில் முதன்முறையாக அவர் காப்பி ஆற்றியதை அன்று கண்டேன். தரையில் அவரும் சிறிது சிந்தினார்.

“குடி” என்றார். “உனக்கு இன்றைக்கும் இரவுப் பணியா?”

அம்மா இருந்திருந்தால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

குடித்தேன். சர்க்கரை அரைக் கரண்டி குறைவாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.